பிடியரிசி டப்பாவும் தாய்வீடும்: டெல்டாவின் கிறிஸ்தவப் பெண்கள் சங்கங்கள்

மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆண்கள் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் கிளம்ப மாட்டார்கள். கோயில் வராந்தாவில் சாக்கு விரித்து அதன்மேல் ஓர் அலுமினிய அண்டாவை வைத்ததும், கட்டைப்பையிலிருந்து ஒவ்வொருவராக டப்பாவை எடுப்பார்கள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், மூடி நசுங்கிய எவர்சில்வர் டப்பா, பிள்ளை பள்ளிக்கூடம் கொண்டுபோன டிபன் பாக்ஸ். கவிழ்த்ததும் சரசரவென்று அரிசி விழும். பொன்னியும் இட்லி அரிசியும் ரேஷன் அரிசியும் ஒரே அண்டாவில் கலக்கும். சங்கத்துச் செயலர் நீள நோட்டில் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுவார். "ஸ்தோத்திரம்க்கா", "ஸ்தோத்திரம்மா", அடுத்த டப்பா.

மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் நான் வளர்ந்த லுத்தரன் சபையில் சின்ன வயதில் பார்த்தது இது. இன்றைக்கும் நடக்கிறது, கொஞ்சம் மாறி.

பிடியரிசி என்பது தினமும் உலையில் அரிசி போடும் முன், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திருப்பி எடுத்து டப்பாவில் போடுவது. அளந்த பிறகுதான் எடுக்க வேண்டும். மூட்டையிலிருந்து தனியாக ஒரு பிடி அள்ளிப் போட்டால் அது காணிக்கை ஆகாது என்பார் அம்மா. எனக்கு அப்போது இது வெறும் பிடிவாதமாகத் தெரிந்தது. பிறகுதான் கணக்குப் புரிந்தது. ஆறு பேருக்கு அளந்த அரிசியில் ஒரு பிடி குறைந்தால் அந்தக் குறை யாருடைய தட்டில் விழும்? கடைசியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவளுடைய தட்டில். நிலம் அவள் பேரில் இல்லை, நெல் விற்ற பணம் அவள் கைக்கு வருவதில்லை, உலையில் எவ்வளவு போடுவது என்பது மட்டும் அவள் முடிவு. அந்த ஒரே முடிவிலிருந்துதான் சங்கத்தின் நிதி வருகிறது.

ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் மாதம் ஒன்றரை கிலோ. 40 வீடு சேர்ந்தால் 60 கிலோ, அதை ஏலம் விட்டுப் பணமாக்குவார்கள். பிடியரிசி எடுப்பது கிறிஸ்தவர்கள் மட்டும் செய்வதல்ல, இந்துக் கோயில் அன்னதானத்துக்கும் எடுக்கிறார்கள். ஆனால் சபைப் பெண்கள் அதைத் தங்கள் சங்கத்தின் கணக்கில், தங்கள் நோட்டில், தங்கள் பொருளாளர் கையில் வைத்தார்கள். சபையின் பொதுப் பணத்தை எடுத்துச் செலவழிக்கக் கமிட்டி கூட வேண்டும், கமிட்டியில் ஆண்கள். சங்கத்துப் பணத்துக்கு அந்த வம்பு கிடையாது. நடுராத்திரி ஒரு பெண்ணைப் பிரசவத்துக்கு ஆட்டோ வைத்து அழைத்துப் போக வேண்டுமென்றால் பொருளாளர் வீட்டுக் கதவைத் தட்டினால் போதும்.

இதற்கு என்ன பெயர் வைப்பது? சகோதரத்துவம் என்றால் அதில் ஆண் வாடை அடிக்கிறது. சகோதரித்துவம் என்று ஒரு சொல்லைச் செய்து பார்த்தார்கள், கருத்தரங்குக்கு வெளியே யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பேச்சில் பொதுவான 'சகோதரி' கிடையாது. ஒருத்தி அக்காவாக இருப்பாள் அல்லது தங்கையாக இருப்பாள், வயது தெரியாமல் உறவே தொடங்காது. சகோதரி என்ற வடசொல்லுக்கு ஒரே வயிற்றில் பிறந்தவள் என்று பொருள். சபை அறிவிப்பில் எல்லாரும் சகோதரிகள். அறிவிப்பு முடிந்ததும் எல்லாரும் அக்கா, அத்தை, மதினி ஆகிவிடுவார்கள். 'சிஸ்டர்' கதை வேறு. கத்தோலிக்கருக்கு சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெந்தெகொஸ்தே சபையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாரும். லுத்தரன் தெருவில் போதகரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் கூப்பிடுவோம். அக்கிரகாரங்கள் நிறைந்த காவிரிக் கரையில் வெளியூர்க்காரர் இதைக் கேட்டு முழிப்பது தனி வேடிக்கை.

பெயர் எதுவானாலும் இந்தச் சங்கங்கள் என்ன வேலை செய்கின்றன என்று பார்த்தால், தாய்வீடு செய்யும் வேலையில் பாதியைச் செய்கின்றன. என் கணிப்பு இதுதான். அன்பு, ஐக்கியம் என்று மேடையில் சொல்வதெல்லாம் சரி. ஆனால் கல்யாணமாகி வேற்றூருக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஊரில் ஓர் ஆதரவு வேண்டும். பெற்றவர்கள் வரும்வரை பக்கத்தில் உட்கார ஆள், மாமியாரிடம் பேச ஒரு மூத்தவள், மூக்கைச் சிந்த ஓர் இடம். அதைச் சங்கம் கொடுக்கிறது.

டெல்டாவில் கிறிஸ்தவர்கள் எண்ணிக்கையில் சிறுபான்மை. தன் சபையிலேயே, தன் சாதியிலேயே, படிப்பும் பொருந்தி மாப்பிள்ளை வேண்டுமென்றால் பக்கத்து ஊரில் கிடைக்க மாட்டான். அதனால் லுத்தரன் பெண்கள் தூரத்திலிருந்து வருவார்கள். திருச்சியிலிருந்து, கடலூரிலிருந்து, சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரிலிருந்து. அம்மா அவ்வளவு தூரமில்லை, திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். வந்த முதல் ஞாயிறு, புதுப்பெண் என்று எல்லாரும் பார்த்தார்கள், பேசவில்லை. புதன்கிழமை சங்கக் கூட்டத்துக்கு மாமியாரே அழைத்துப் போனார். அங்கே ஒரு கிழவி, "நீ எந்த ஊரும்மா? அந்த ஊரு ஐயரம்மா எனக்குத் தங்கச்சி முறை" என்று ஓர் உறவைக் கட்டினார். அந்த முறை உண்மையா என்று அம்மா கடைசிவரை விசாரிக்கவில்லை. நாற்பது வருடம் அந்தக் கிழவியின் பேரப்பிள்ளைகள் எங்களுக்கு மாமன் மச்சான் முறையாகவே இருந்தார்கள்.

தாய்வீடு என்பதே அவ்வளவு உறுதியான இடமும் இல்லை. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. தமிழ்நாட்டில் இந்துப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை 1989-ல்தான் வந்தது. சட்டப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் கிறிஸ்தவப் பெண் அறுபது ஆண்டுக்கு மேல் முன்னால் நின்றாள். நடந்தது என்ன? அப்பா இறந்து காரியம் முடிந்த சில மாதத்தில் அண்ணன் தம்பிகள் பத்திர ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள். சகோதரிகள் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். போட்டால்தான் கிறிஸ்துமசுக்குச் சேலை வரும், பிள்ளை காது குத்துக்குத் தாய்மாமன் வருவான். பங்கைக் கொடுத்து, கதவைத் திறந்து வைத்துக்கொள்கிறாள். கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். புகுந்த ஊரில் இன்னொரு கதவு இருந்தால் நல்லது என்று ஒருத்தி நினைப்பதில் ஆச்சரியம் இல்லை.

இந்தத் தேவை பழையது. ஜெர்மன் லுத்தரன் மிஷனரிகள் சீகன்பால்கும் புளூட்சாவும் 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே அங்கே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி நடந்தது. ஆனால் இந்த வரலாற்றில் எனக்கு அதைவிடக் கண்ணில் படுகிறவர் தஞ்சாவூரிலிருந்து போன ஒரு விதவை. மராட்டியப் பிராமணக் குடும்பத்துப் பெண், கோகிலா என்று பெயர். கணவன் இறந்தபின் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார். அப்படி வாழ்ந்ததாலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரியும் இறந்த பிறகு, 1778-ல் பாளையங்கோட்டையில்தான் கொடுத்தார். கிளாரிந்தா என்று பெயர் வைத்தார்.

அவருடைய நிலையை யோசித்துப் பார்க்க வேண்டும். பிறந்த வீடு கிடையாது, புகுந்த வீடு கிடையாது, சேர்ந்து வாழ்ந்தவரும் போய்விட்டார், திருச்சபையும் இத்தனை வருடம் வெளியே நிற்க வைத்திருந்தது. அந்தப் பெண்தான் கைப்பணத்தைப் போட்டுப் பாளையங்கோட்டையில் கோயில் கட்டினார். 1785-ல் பிரதிஷ்டை. அந்த ஊர்ச் சபையின் முதல் பட்டியலில் இருந்தவர்கள் நாற்பது பேர். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். கோயிலை இன்றும் ஊரார் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்பார்கள். ஞானஸ்நானப் பெயரை விடச் சாதிப் பெயர்தான் நிலைத்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

விதவைகள் இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வருவார்கள். திருச்சியில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய புனித அன்னாள் சபை, விதவைகளைக் கொண்டே உருவான கன்னியர் சபை. மறுமணம் நினைக்கவே முடியாத காலத்தில், மொட்டையடித்து மூலையில் உட்கார வைத்த பெண்கள் ஒரே கூரையின் கீழ் சேர்ந்து, பள்ளி நடத்தி, நோயாளியைப் பார்த்துக்கொண்டார்கள். மாயூரத்தில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கர் வேதநாயகம் பிள்ளை 1869-ல் பெண்களுக்காகப் பெண்மதி மாலை எழுதினார், பெண்கல்வி வேண்டுமென்று வாதாடினார். நல்ல காரியம். ஆனாலும் ஆண்கள் எழுதிய புத்தகங்களை விட, பைபிள் உமன் என்று அழைக்கப்பட்ட பெண்கள் வீடு வீடாகப் போய் எழுத்தறியாத பெண்களுக்கு வேதம் வாசித்ததுதான் சங்கங்களுக்கு நேரடி முன்னோடி. ஆண் உபதேசியார் தாழ்வாரம் தாண்ட முடியாத வீட்டில் இவர்கள் அடுக்களை வரை போனார்கள்.

வேதத்திலும் சங்கத்துப் பெண்களுக்கு மிகவும் பிடித்தது விதவைகள் கதைதான். அப்போஸ்தலர் நடபடிகள் ஒன்பதாம் அதிகாரம். யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் என்ற தொற்காள் செத்துப் போனாள். பேதுரு வந்தபோது விதவைகள் சுற்றி நின்று அழுது, அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளைக் காட்டினார்கள். அவள் நல்லவள் என்று யாரும் பேசவில்லை, துணியைத் தூக்கிக் காட்டினார்கள். ரூத்து, நகோமி கதையும் அடிக்கடி வரும். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம்" என்று மருமகள் மாமியாரிடம் சொல்கிறாள். பிரசங்கத்தில் இந்த இடம் வந்தால் பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பும், முன்வரிசையில் மாமியார்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பிலிப்பியர் நிருபத்தில் பவுல் எயோதியாளையும் சிந்திகேயாளையும் ஒரே சிந்தையாயிருக்கும்படி கேட்டுக்கொள்கிறார். செயலருக்கும் பொருளாளருக்கும் சண்டை வராத சங்கம் அன்றைக்கும் இருந்ததில்லை போல.

கத்தோலிக்கப் பக்கம் அமைப்பே வேறு மாதிரி. பூண்டி, மைக்கேல்பட்டி, வேளாங்கண்ணி என்று பங்குகள், அதாவது ஊர்ச் சபைகள், பெரியவை. அங்கே இருக்கும் மரியாயின் சேனை என்ற ஜெப, சேவை அமைப்பு 1921 செப்டம்பர் 7-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் பிராங்க் டஃப் என்பவரோடு ஒரு சில பெண்கள் கூடித் தொடங்கியது. ஆண்களும் சேரலாம், ஆனால் நம் ஊர்ப் பங்குகளில் போய்ப் பார்த்தால் நிறைந்திருப்பது பெண்கள். இதன் விதிகள் கறாரானவை. வாரம் தவறாமல் கூட்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. நோயாளி வீட்டுக்கோ கோயிலுக்கு வராத வீட்டுக்கோ இருவர் இருவராகப் போக வேண்டும். அடுத்த வாரம் எழுந்து நின்று, போன இடம், நடந்தது எல்லாவற்றையும் அறிக்கையாகச் சொல்ல வேண்டும். கேட்டதை வெளியே பேசக் கூடாது. முக்கியமான இன்னொன்று: பண உதவி, பொருள் உதவி செய்யக் கூடாது.

பிடியரிசிக் குடும்பத்திலிருந்து வந்த எனக்கு இந்தக் கடைசி விதி முதலில் கல்நெஞ்சமாகத் தெரிந்தது. பட்டினி கிடக்கிறவள் வீட்டுக்கு வெறுங்கையோடு போய் ஜெபமாலை சொன்னால் என்ன பயன்? கும்பகோணத்தில் ஒரு மூத்த உறுப்பினர் விளக்கினார். "காசு கொண்டு போனா அவங்க நம்ம கையைத்தான் பாப்பாங்க. நாளைக்குக் காசு இல்லாம போக முடியாது. வெறுங்கையோட போனா உக்காந்து பேசணும், வேற வழி இல்ல." முழுக்க ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. அறிக்கை சொல்லும் வழக்கமும் சின்னக் காரியம் இல்லை. வீட்டில் நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பெண், வாரா வாரம் எழுந்து நின்று இரண்டு நிமிடம் கோவையாகப் பேசிப் பழகுகிறாள். பின்னாளில் அவளே கிராம சபைக் கூட்டத்தில் குடிதண்ணீருக்காக எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடியேறும், செப்டம்பர் 8 திருவிழா. அந்த நாட்களில் தஞ்சாவூர், திருவாரூர் சாலைகளில் காவிச் சேலை கட்டிக் கூட்டம் கூட்டமாக நடப்பார்கள். நாலைந்து நாள் அடுப்பில்லை, மாமியார் இல்லை, பள்ளிக்கூடத்து டிபன் இல்லை. பள்ளி வராந்தாவில் வரிசையாகப் படுத்து, ஒருத்தி காலில் இன்னொருத்தி எண்ணெய் தேய்த்துவிடுவாள். வழியில் மோரும் புளியோதரையும் கொடுப்பவர்களில் பாதிப் பேர் இந்துப் பெண்கள். நேர்த்திக்கடன் என்று சொல்லித்தான் வீட்டை விட்டு வர முடிகிறது என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். மார்ச் முதல் வெள்ளிக்கிழமை உலக ஜெப நாள். 1927-லிருந்து உலகம் முழுக்கப் பெண்கள் நடத்துவது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனையை எழுதித் தருவார்கள். 2025-ல் குக் தீவுகள். சென்னைக்கே போகாத பெண்கள் அந்தத் தீவுக்காக ஜெபித்தார்கள், அது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடம் போனில் தேடச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். ஐயரம்மாவும் கன்னியாஸ்திரியும் ஒரே பெஞ்சில் உட்காரும் நாளும் அதுதான்.

கூட்டத்தின் உயிர்நாடி பாட்டோ பிரசங்கமோ கிடையாது, ஜெபக்குறிப்பு. பாட்டு முடிந்ததும், "ஜெபக்குறிப்பு இருந்தா சொல்லுங்க" என்பார் தலைவி. இது ஒரு தனி மொழி. புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று எந்தப் பெண்ணும் அங்கே சொல்ல மாட்டாள். "அவரோட ரட்சிப்புக்காக ஜெபம் பண்ணுங்க" என்பாள். மகன் சிங்கப்பூரிலிருந்து நாலு மாதமாகப் பணம் அனுப்பவில்லை என்பது "தம்பியோட வேலைக்காக" ஆகும். கல்யாணமாகி மூன்று வருடம் குழந்தை இல்லை என்பது "கர்ப்பத்தின் கனிக்காக" ஆகும். எல்லாருக்கும் விளங்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். வெளியே வாசலில் செருப்புப் போடும்போது மட்டும் ஒரு மூத்தவள் தோளில் கை வைத்து, "நாளைக்குப் பத்து மணிக்கு வீட்டுக்கு வர்றேன், ஒரு டம்ளர் காபி போட்டு வை" என்பாள். அந்தப் பத்து மணிக் காபியில்தான் உண்மையான கூட்டம் நடக்கிறது.

அதே ஜெபக்குறிப்பு சாயங்காலத்துக்குள் ஊர்க்குறிப்பாக மாறுவதும் உண்டு. அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அடி வாங்கியவளிடம், "நாங்க ஜெபிக்கிறோம், நீ பொறுத்துப் போ, கர்த்தர் அவரை மாத்துவார்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவது. தாய்வீடும் இதைத்தான் செய்கிறது என்பதை மறக்க வேண்டாம். இரண்டு நாள் வைத்திருந்து, புது சேலை கொடுத்து, அண்ணன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவான். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணை அப்படி மூன்று முறை சங்கமே சமாதானம் பேசி அனுப்பியது. நாலாவது முறை அவள் சங்கத்துக்கு வரவில்லை, பஸ் ஏறித் திருப்பூர் போய்விட்டாள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபரில். 2001 வரை கிறிஸ்தவ மனைவி விவாகரத்துக் கேட்டால் கணவனின் விபசாரத்தை மட்டும் நிரூபித்தால் போதாது, கொடுமையோ கைவிட்டதோ அதோடு சேர வேண்டும். கணவன் கேட்டால் மனைவியின் விபசாரம் ஒன்றே போதும். அந்த வருடம் அது திருத்தப்பட்டது. சங்கக் கூட்டத்தில் இதையெல்லாம் யாராவது வாசித்துக் காட்டினார்களா? சில இடங்களில் இப்போது பெண்களுக்கான 181 உதவி எண்ணை வேத வசன அட்டையின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டுகிறார்கள். வீட்டில் யாரும் அட்டையைத் திருப்பிப் பார்ப்பதில்லை என்பதால் அது பாதுகாப்பான இடமாம்.

இனி சாதி. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை உடனே, அறவே விட வேண்டும் என்று எழுதினார். தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்களில் பெரும் பகுதியினர் கொதித்தார்கள். தனி இருக்கை, நற்கருணையில் யார் முதலில் என்பதெல்லாம் அவர்களுக்கு மானப் பிரச்சினை. ஏற்காத பலர் இந்த விஷயத்தில் இளகிய போக்குடைய லுத்தரன் மிஷன் பக்கம் சாய்ந்தார்கள். என் முன்னோர் எந்த வரிசையில் நின்றார்கள் என்று நான் ஊகிக்க முடியும், வீட்டில் யாரும் அதைச் சொன்னதில்லை.

பெண்கள் சங்கத்தில் இன்று தனிப் பாய் கிடையாது. ஆனால் யார் வீட்டில் கூட்டம் நடக்கிறது என்று வருடம் முழுக்கக் கணக்கெடுத்தால் தெருக் கணக்குத் தெரிந்துவிடும். அந்தத் தெருவில் கூட்டம் வைத்தால் இந்தத் தெருப் பெண்களுக்கு அன்றைக்குத் தலைவலி வரும், வந்தாலும் சுண்டலைக் கட்டிக்கொண்டு போவார்கள், அங்கே சாப்பிட மாட்டார்கள். வெள்ளைச் சேலை கட்டிப் பெண்கள் ஞாயிறு நடத்தும்போது பிரசங்கம் யார், வேதபாடம் யார், துடைப்பம் யார் என்பதில் ஒழுங்கு ஒன்று தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சகோதரி என்பது ஒரே வயிற்றில் பிறந்தவள் என்றால், பெண் கொடுக்காத, பெண் எடுக்காத, தண்ணீர் குடிக்காத சகோதரியை என்னவென்று சொல்வது?

அண்டாவில் மட்டும் எல்லாத் தெரு அரிசியும் கலந்துவிடும். அதில் ஒரு சமையல் சிக்கல் உண்டு. புழுங்கலும் பச்சையும், பழையதும் புதியதும் கலந்த அரிசி ஒன்றாக வேகாது. ஒன்று குழையும், ஒன்று நறுக்கென்று நிற்கும். அதனால் பிடியரிசி சோற்றுக்கு ஆகாது. ஏலத்தில் இட்லி மாவுக்கென்று குறைந்த விலைக்குப் போகும், இல்லாவிட்டால் கஞ்சிக்கு. நாற்பது வயது வரை இதை நான் ஒரு விவசாயத் தகவலாக மட்டுமே வைத்திருந்தேன். ஒருமுறை ஏலத்தில் எடுத்த அரிசியை ஓர் அக்கா முறத்தில் கொட்டி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ரகம் ரகமாகப் பிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். "ரேஷன் அரிசி எங்க வீட்டுல ஆகாது" என்றார். ரேஷன் அரிசி எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். பிடியரிசியின் மதிப்பு அதோடு குறைந்தது. தன் தட்டிலிருந்து எடுத்த பிடி என்ற கணக்கும் ஆட்டம் கண்டது, சும்மா வந்த அரிசியை டப்பாவில் ஊற்றிக் கொண்டு வருகிறார்கள் என்று மூத்தவர்கள் முணுமுணுத்தார்கள். பட்டினி குறைந்ததற்கு வருத்தப்பட முடியுமா? இலவச அரிசியால் எத்தனையோ வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்கும் சோறு மிஞ்சியது. சங்கத்தின் நிதி இளைத்தது என்பதும் உண்மை.

அந்த இடைவெளியில் இன்னொரு 'குழு' வந்து உட்கார்ந்தது. நுண்கடன் குழு. ஐந்து பேரோ பத்துப் பேரோ ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் வாங்குவார்கள். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவள் வீட்டு வாசலில் போய் உட்கார வேண்டும். பார்க்க இதுவும் பெண்கள் ஒற்றுமை மாதிரியே இருக்கும். பாய், நோட்டு, வாரக் கூட்டம் எல்லாம் அச்சு அசல். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, பட்டுக்கோட்டை வரை தென்னையைச் சாய்த்துப் போட்டது. கூரை இல்லாத வீட்டில் தவணைக்காரர் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டவள், செவ்வாய்க்கிழமை தவணைக்காக வாசலில் வந்து உட்கார்ந்தாள். அவள் மேல் தப்பு இல்லை, அவள் தலையிலும் அதே கடன். அந்த வருடம் சங்கத்துக்கு வருவதையே சிலர் நிறுத்திக்கொண்டார்கள். முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றார்கள். ஒரு சபையில் மட்டும் பிடியரிசிப் பணத்திலிருந்து மூன்று பெண்களின் மூன்று தவணையைக் கட்டினார்கள். தொகை பெரிது இல்லை. கட்டியதை நோட்டில் அப்படியே எழுதவில்லை, 'மருத்துவ உதவி' என்று எழுதினார்கள்.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது சங்கத்தில் ஒரு விவாதம். வேலைக்குப் போகும் இளம் மருமகள்கள் ஒரு யோசனை கொண்டுவந்தார்கள். டப்பா, அண்டா, ஏலம் எல்லாம் எதற்கு? மாதம் ஐம்பது ரூபாய் ஜிபேயில் போட்டுவிடலாம், கணக்கும் சுத்தமாக இருக்கும். நியாயமான பேச்சுதான், எனக்கும் சரியென்றே பட்டது. பின்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஓர் அக்கா, "என் போனு அவருகிட்ட இருக்கும்மா" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இன்னொருத்தி, "எனக்கு மெசேஜு மகனுக்குத்தான் போவுது" என்றார். அப்புறம் செயலர் நோட்டை விரித்து, ஜிபேயில் போடுகிறவர்கள் போடலாம், அண்டாவும் எப்போதும்போல வைக்கப்படும் என்று தீர்மானம் எழுதி, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்.